மூன்றில் ஒருத்தி

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக் கடைக்கு மேலே, மாடியறையில் மலர்விழி தனியாக இருக்கிறாள். முப்பத்து நான்கு வயது. புருஷன் விட்டுப் போனபின் ராசிபுரம் பக்கம் சேகோ மில்லில் மூன்று வருடம் களத்து வேலை பார்த்தவள். ஈர ஜவ்வரிசியை வெயிலில் பரப்பி, நீளக் கழியில் பலகை அடித்த கட்டையால் தள்ளித் தள்ளிக் காயவைப்பாள். அப்புறம் கம்ப்யூட்டர் படித்தாள்.

இப்போதைய வேலை, வானத்திலிருந்து எடுத்த படங்களுக்குப் பெயர் போடுவது. படத்தில் உள்ள ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் வரைந்து வீடு, மரம், வண்டி, ஆள் என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்த லட்சம் படங்களைப் பார்த்து ஓர் இயந்திரம் தானாக அடையாளம் காணப் பழகும். போக்குவரத்துக்காக என்றுதான் நினைத்திருந்தாள். போன மாதம் பட்டியலில் ஒரு பெயர் கூடியது: ஆயுதம் ஏந்திய ஆள். எந்த நாட்டுப் பட்டாளத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஒரே படம் மூன்று பேருக்குப் போகும். இரண்டு பேர் சொன்னதே முடிவு. மூவரும் ஒன்றுபோல் குறித்தால் பச்சை விழும்; மாறிக் குறித்தவருக்குச் சிவப்பு. முகம் தெரியாத இரண்டு பேர் தன்னைப் போலவே பார்த்திருக்கிறார்கள் என்ற நினைப்புதான் அவளுக்கு நாள் முழுக்கத் துணை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு படம் வந்தது. வெட்டவெளியில் வெள்ளையாய் ஏதோ பரப்பியிருந்தது. ஏழு பேர். ஒவ்வொருவர் தோளிலும் சாய்வாக நீளமான ஒன்று. வேலைக்குக் கொடுத்த விதிப்படி அது ஆயுதம். அவள் ஏழு பேரையும் ‘ஆள்’ என்று குறித்தாள். சிவப்பு விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்பார்வை பார்க்கும் நவீன்குமார் கூப்பிட்டான்.

“அக்கா, மத்த ரெண்டு பேரும் துப்பாக்கின்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் என்னக்கா?”

“அது களத்துல தள்ளுற கட்டைங்க நவீனு. பின்னால கட்டை தள்ளுன தடம் கோடு கோடா இருக்குது பாருங்க.”

“உங்க சேகோ மில்லு அங்க எப்படிக்கா போச்சு?”

“மாவோ தானியமோ, எந்த ஊர்லயும் வெயில்லதானுங்க காயணும்.”

அவன் சிரித்தான். “மாத்திப் போடுங்கக்கா. இந்த வாரம் இது ஒம்பதாவது சிவப்பு. பத்தாச்சுன்னா சிஸ்டமே உங்களை வெளிய தள்ளிரும், என் கையில இல்ல. நம்ம வேலை கட்டம் போடுறது. சுடுறது வேற ஆளு.”

“சுடுறது ஆளுதானுங்களா?” என்றாள்.

“பாத்துக்கங்கக்கா” என்று வைத்துவிட்டான்.

களத்தில் நின்ற நாட்களில் தன் தலைக்கு மேலே இப்படி ஒரு கண் பறந்திருந்தால், என்று அவள் எண்ணிப் பார்த்தாள். தப்பாகப் பழகிய இயந்திரம் நாளை அந்த ஏழு பேரோடு நிற்கப்போவதில்லை. கட்டை பிடித்த கையெல்லாம் அதற்குத் துப்பாக்கிதான். கொன்றது யார் என்று கேட்டால், சம்பளம் வாங்கும் ஒருவனும் ‘நான்’ என்று சொல்ல மாட்டான்.

குறித்ததை அவள் மாற்றவில்லை. அடுத்த படத்தைத் திறந்தாள். அதே களம், வேறு கோணம். அங்கே ஒருத்தி குனிந்து முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அருகே கட்டை கிடந்தது. மலர்விழி அவளைச் சுற்றி நிதானமாகக் கட்டம் வரைந்து, ‘ஆள்’ என்று குறித்து அனுப்பினாள்.

சிவப்பு விழுந்தது. திரை அணைந்தது.

அந்தக் களத்தின் மீதிப் படங்கள் இந்நேரம் வேறு யாருக்கோ போயிருக்கும்.