‘யாரோ’வின் கூடு

பழைய பவுடர் டப்பா ஒன்று. உள்ளே பஞ்சு, பஞ்சின் மேல் வெள்ளையாக ஒரு முட்டை ஓட்டுத் துண்டு. போன மாதம் சித்தப்பா காலமான பிறகு சித்தி இதை என்னிடம் கொடுத்தார். “நீயே வச்சுக்கம்மா. என்னால பாக்க முடியல.” கொள்ளிடக் கரையில் கூடு கட்டியிருந்த மீன்கழுகின் முட்டை அது. விரலால் தொட்டேன். ஓரம் பொடிந்து விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

ஸ்ரீரங்கத்தில் உயரே வட்டமிடும் பெரிய பறவை எதுவானாலும் கருடன்தான். ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சித்தப்பாவும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், அவருடைய மகள் ஒருநாள் விழுந்து விழுந்து சிரிக்கும்வரை. அப்போது அவளுக்கு எட்டு வயது இருக்கும். “கருடனுக்குத் தலை, கழுத்தெல்லாம் வெள்ளையா இருக்கும்ப்பா. இதுக்குத் தலை சாம்பல் பூசின மாதிரி இருக்கு பாருங்க. நீங்க யாரோ ஒருத்தருக்குக் கன்னத்துல போட்டுக்கறீங்க!” அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தப் பறவைக்கு ‘யாரோ’ என்றே பெயர். கரையோரத்து மருத மரத்தின் உச்சியில் ஒரு ஜோடி இருந்தது. ஆண்டுதோறும் பழைய கூட்டின் மேலேயே புதுச் சுள்ளிகளை அடுக்கி அடுக்கி, கூடு ஒரு வைக்கோல்போர் போல உயர்ந்திருந்தது. மணிக்கணக்கில் அசையாமல் கிளையில் உட்கார்ந்திருக்கும். சட்டென்று இறங்கி நீர்மட்டத்தில் காலை நீட்டும். துள்ளும் மீனோடு எழும். அவ்வளவு வழவழப்பான மீன் எப்படி நழுவாமல் இருக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். பாதத்தின் அடியில் முள்முள்ளாகச் செதில்கள் இருப்பதைப் பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்க அப்போது அவள் இல்லை.

முறைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. நடுங்குவாள், வியர்ப்பாள், மறுநாள் எழுந்து விளையாடுவாள், மீண்டும் நடுங்குவாள். ஒரு தடவை எழவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே சித்தப்பா தான் பார்த்த கடை வேலையை விட்டுவிட்டு மலேரியா மருந்து அடிக்கும் குழுவில் சேர்ந்தார். முதுகில் பம்பு, சட்டையெல்லாம் வெள்ளைத் திட்டு. ‘கொசு இன்ஸ்பெக்டர்’ என்று தெருவில் கேலி பேசினார்கள். எதிர்வீட்டு மாமி வாசலிலேயே மறித்தார். “அடுக்களைக்குள்ள வரப்படாது. பெருமாள் இருக்கார்.”

“பெருமாளைக் கொசு கடிக்காதுங்க மாமி. உங்க பேத்தியக் கடிக்குமே.”

மாமி விலகி வழிவிட்டார். வேலை முடிந்ததும் குழுவினர் பம்புகளைக் கொள்ளிடத்தில்தான் அலசுவார்கள். அப்படியே மருத மரம்வரை நடந்து, கூட்டை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சித்தப்பா வீடு திரும்புவார். குஞ்சு எட்டிப் பார்த்த அன்று சித்தியிடம் வந்து சொல்வார்: “யாரோ வீட்ல விசேஷம்.” மகளைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

சில ஆண்டுகள் கழித்து விசேஷம் நின்றுபோயிற்று. தாய்ப்பறவை அடைகாக்கத்தான் செய்தது. ஆனால் மரத்தடியில் கிடந்த ஓட்டில் மஞ்சள் கரு உறைந்திருந்தது. “குஞ்சு பொரிச்ச ஓடு இல்லம்மா இது. நசுங்கின ஓடு” என்று என்னிடம் காட்டினார். மறு ஆண்டும் அப்படியே. பிறகு ஒரு பறவை மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. கோயில் பக்கம் ஏதோ தீட்டு, அதனால்தான் கருடன் போய்விட்டது என்று படித்துறையில் பேசிக்கொண்டார்கள்.

சென்ற ஆண்டு என் மகளுக்கும் அதே முறைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நான் அவள் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சித்தப்பா தினமும் வந்து உட்கார்ந்தார். அங்கே கிடந்த பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டு மீன் பருந்துகளைப் பற்றி எழுதியிருந்தது. பூச்சிமருந்து ஆற்றில் கலக்கிறது, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் அதிலிருந்து பறவைக்கும் போய்ச் சேருகிறது, ஓடு மெலிந்துவிடுகிறது, அடைகாக்க உட்காரும் தாயின் எடையிலேயே முட்டை நசுங்குகிறது. அவர் அதை இரண்டாவது முறையும் படித்தார். மடித்து வைத்தார். “அது உக்காரத்தானேம்மா செஞ்சுது” என்றார். “பெத்தவ வேற என்ன பண்ணுவா?”

எங்கள் கொள்ளிடத்திலும் அதுதான் நடந்ததா, யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மகள் குணமாகி வீடு திரும்பியபோது, “மறுபடி மருந்து அடிக்கணும் சித்தப்பா” என்று நான்தான் சொன்னேன். மறுநாள் அவரே பம்போடு வந்தார். அவள் கட்டிலைச் சுற்றி, சுவரில் ஓர் அங்குலம் விடாமல் அடித்தார். ஆற்றுப் பக்கம் போகவில்லை. மிச்ச மருந்தை என்ன செய்வது என்று தெரியாமல் கொல்லையில் பம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்த நிற்பை என்னால் மறக்க முடியவில்லை.

இன்று காலை டப்பாவைத் திறந்து வைத்திருந்தபோது மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். தொட வந்த கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது; முகம் சுளித்தாள். பிடியைத் தளர்த்தினேன்.

“இது யாரோட முட்டைம்மா?” என்றாள்.