வேர்த்த கண்ணாடி

தென்காசியில் முப்பது வருஷம் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்தவன் நான். ஒயரிங் வேலைக்குப் போகிற பழைய வீடுகளில், பரணில் கிடக்கும் விளக்குச் சிம்னி, மருந்துக் குப்பி, கோலி சோடா பாட்டில் என்று கேட்டு வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். அதே கிறுக்கு பிடித்த இன்னொருவர் இலத்தூரில் இருந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை ‘வே’ என்பார். எங்களில் யாருக்கு நல்ல குப்பி கிடைத்தாலும் முதல் போன் மற்றவருக்குத்தான் போகும்.

குற்றாலம் போகிற வழியில் ஓர் அறக்கட்டளை சின்னதாக ஒரு அருங்காட்சியகம் தொடங்கியது. அதன் பொறுப்பாளராக வந்த மதுரைப் பெண் எங்களைத் தேடி வந்தார். பழைய கண்ணாடிச் சாமான்களுக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறோம், பொருளும் தாருங்கள், எப்படி வைப்பது என்றும் நீங்களே சொல்லுங்கள் என்றார். வீட்டில் சாக்குப்பைகளோடு கிடந்த எங்கள் பொழுதுபோக்குக்கு அப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

நான் முப்பது நாற்பது உருப்படி கொடுத்தேன். அண்ணாச்சி அவ்வளவு கொடுக்கவில்லை. ஆனால் கொடுத்ததில் ஒரு பன்னீர்ச் சொம்பு இருந்தது. வெளிர் பச்சைக் கண்ணாடி, ஒல்லியாக நீண்ட கழுத்து, உடம்பு முழுக்கத் தங்கக் கோடுகள். அது அண்ணாச்சியின் மனைவி, என் மதினியுடையது. செங்கோட்டையில் மதினியின் பிறந்த வீட்டில், திருவிதாங்கூர் ராஜா காலத்திலிருந்து எல்லாக் கல்யாணத்துக்கும் வாசலில் பன்னீர் தெளித்த சொம்பு. மதினியைச் சம்மதிக்க வைக்க அண்ணாச்சிக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அலமாரி செய்யும்போதுதான் எங்களுக்குள் பேச்சு வந்தது. நான் நாலு பக்கமும் கண்ணாடி போட்டு, மூலைகளையும் கதவு இடுக்கையும் பசை வைத்து அடைத்து, உள்ளே வரிசையாக பல்பு மாட்டுவதாகத் திட்டம் போட்டிருந்தேன்.

“முழுக்க அடைக்காதிரும் வே,” என்றார் அண்ணாச்சி. “மேலயும் கீழயும் காத்து போக ஓட்டை வையும். பல்பும் வேண்டாம்.”

“ஓட்டை வச்சா தூசி வந்துருமே அண்ணாச்சி.”

“தூசியத் தொடச்சிக்கிடலாம். பழைய கண்ணாடிக்கு வேர்க்கும் வே. ஒரு குப்பிய பாலிதீன்ல சுத்தி பீரோவுல வச்சிருந்தேன். சாரல் முடிஞ்சி எடுத்தா பிசுபிசுன்னு இருக்கு.”

“கண்ணாடிக்கு வேர்க்குதுன்னு உங்க ஸ்டேஷன்ல கேஸ் எதும் எழுதியிருக்கீங்களா?”

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். இழைத்துக்கொண்டிருந்த ஆசாரியும் சிரித்தார். அண்ணாச்சியும் சேர்ந்து சிரித்தார், அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு நல்ல ஜோக் அடித்த சந்தோஷம்.

திறப்பு நாளில் பல்பைப் போட்டதும் வந்தவர்கள் எல்லாரும் ஒருசேர ‘ஆ’ என்றார்கள். அந்தப் பன்னீர்ச் சொம்பு முன்னால்தான் கூட்டம். அலமாரி யார் வேலை என்று கேட்டவர்களுக்கு என்னைக் கைகாட்டினார் அண்ணாச்சி. மதினி மட்டும் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் சாரல் சீசனில் அலமாரியின் உள்பக்கம் காலையில் லேசாக மூட்டம் போட்டது. அருவிக்கு வந்தவர்கள் ஈரத் துணியோடு அறைக்குள் வந்து போவார்கள், அதனால் இருக்கும் என்றேன். அண்ணாச்சி போன் பண்ணினார்.

“சாவி உம்மகிட்டதான இருக்கு? ஒரு நாள் தெறந்து பாப்பமா?”

“தெறக்கணும்னா பசைய அறுக்கணும் அண்ணாச்சி. அழகு கெட்டுப்போகும். சீசன் முடியட்டும்.”

சீசன் முடிந்தது. நான் திறக்கவில்லை. பசையை அறுத்தால் அவர் சொன்னது சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது. இதை அன்றைக்கு எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

அடுத்த வருஷம் சாரல் ஓயாமல் அடித்தது. ஒரு நாள் பொறுப்பாளர் உடனே வரச்சொன்னார். பசையை அறுத்துக் கதவைத் திறந்தோம். சொம்பைக் கையில் எடுத்தேன். சோப்பு நுரை பட்ட மாதிரி வழுக்கியது. துணியால் மெல்ல ஒற்றியபோது தங்கக் கோடு துணியோடு வந்துவிட்டது. உள்ளே கண்ணாடி முழுக்க மீன் செதில் போல மயிரிழை விரிசல். என் உருப்படிகளில் இரண்டு மூன்றுதான் பழுது. சொம்புதான் போயிற்று.

பிறகு சென்னையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் விளக்கினார். சில பழைய கண்ணாடியில் காரம் அதிகம், ஈரம் பட்டால் அது வெளியே கசியும். பகலில் பல்பு சூடு, அணைத்ததும் குளிர்ச்சி, போக வழியில்லாத ஈரம். “இப்படி அடைக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார். எங்களைப் பார்த்துப் பொருள் கொடுத்திருந்த மற்றவர்களும் அங்கே நின்றுகொண்டிருந்தார்கள். பொறுப்பாளர் தலை குனிந்திருந்தார்.

“நாங்க ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணினதுதான் சார்,” என்றார் அண்ணாச்சி.

நான் வாயைத் திறக்கவில்லை. இல்லை, இவர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நிபுணர் அடுத்த பொருளுக்கு நகர்ந்துவிட்டார். மற்றவர்கள் தங்கள் சாமான்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணாச்சி மட்டும் எதையும் எடுக்கவில்லை. அந்த அறையில் இப்போது காற்று வழி வைத்த மர அலமாரிகள் இருக்கின்றன, பல்பு இல்லை. சொம்பு, வெளியே எடுத்து வைக்க முடியாதபடி உள்ளறையில் இருக்கிறது.

ஒரு வருஷம் கழித்துத்தான் இலத்தூருக்குப் போனேன். காப்பி குடித்த பிறகு, “அன்னைக்கு நான் பேசியிருக்கணும் அண்ணாச்சி,” என்றேன்.

“பேசியிருந்தா சொம்பு சரியாயிருமா? விடும்.” டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, “உம்ம மதினிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிரும் வே. நான்தான் அடைக்கச் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிட்டேன். இன்னமும் அவ அதச் சொல்லிக் காட்டுதா,” என்றார்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?”

“நீரு வீட்டுக்கு வந்து போறவரு. உம்மேல அவளுக்கு வருத்தம் வேண்டாம்னுதான்.”

மதினி கோயிலுக்குப் போயிருந்தார். வர அரைமணி நேரம் ஆகும், இரும் என்றார் அண்ணாச்சி. இருக்கிறேன் என்றுதான் சொன்னேன். தென்காசி பஸ் வரும் சத்தம் கேட்டதும், கடையில் ஆள் இல்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். கடையை மகனிடம் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். அவர் தெருமுனை வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்.