அம்மாவின் மஞ்சள் சேலை

என் அம்மா கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே கொழுந்து கிள்ளியவள். ஒரே ஒருமுறை மலையடிவாரத்துத் தாப்பா வரை இறங்கியிருக்கிறாள், அதுவும் பல் பிடுங்க. எழுபதுகளின் கடைசியில் ஒரு பள்ளி விடுமுறைக்கு எங்களைப் பினாங்குக்குக் கூட்டிப் போவதாக அப்பா வாக்குக் கொடுத்தார். அவர் தேயிலை ஆலையில் வேலை பார்த்தார். தனக்கும் அம்மாவுக்கும் ஒரே வாரத்தில் லீவு தரச் சொல்லித் தோட்ட அலுவலகக் கிராணியிடம் பல நாள் நடந்து அனுமதி வாங்கியிருந்தார்.

அம்மாவுக்கு அந்த நாட்களில் ஒரே கேள்விதான். "கடல் தண்ணியும் நம்ம ஆத்துத் தண்ணி மாதிரி சில்லுனுதான் இருக்குமா?"

"போயிக் கால வச்சுப் பாரு லா," என்பார் அப்பா.

தானா ராத்தாவில் பாய் துணிக்கடையில் அம்மா தனக்கு ஒரு மஞ்சள் வாயல் சேலை எடுத்தாள். எனக்குக் கவுன், தம்பிக்குச் சட்டை. எல்லாவற்றையும் ஒரே பையில் அடுக்கினாள். முறுக்கு சுட்டு டின்னில் போட்டாள். விடிந்தால் பஸ் ஏற வேண்டும்.

அன்று சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கோலாலம்பூரிலிருந்து பெரியப்பா, பெரியம்மா, இரண்டு பிள்ளைகள். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்துப் பிள்ளைகள் துவண்டிருந்தார்கள். அப்பா ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்தார். பார்த்த கையோடு எங்கள் பையைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "வாங்க அண்ணே, வாங்க அண்ணி," என்று ஓடினார்.

வீடு தேடி வந்தவர்களிடம், நாங்கள் வெளியே கிளம்புகிறோம் என்று சொல்லக் கூடாதாம். அவர்கள் மனம் நோகுமாம். அப்பாவின் இந்தப் பெருந்தன்மையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் மனம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

விடிந்தது. பஸ் போயிருக்கும். அம்மா அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். குளிர் தாங்காத பெரியம்மா கம்பளி தேடிக் கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பையை இழுத்தார். மேலாக மஞ்சள் சேலை இருந்தது.

"எல்லாம் புதுசா இருக்கே. எங்கயாச்சும் கிளம்பிட்டிருந்தீங்களா?"

அம்மா தோசைக் கரண்டியோடு வந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியம்மா ஒன்றும் கெட்டவர் இல்லை. தெரிந்திருந்தால் பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் ஒரு ஓட்டலில் அறை எடுத்துக்கொண்டு எங்களை அனுப்பி வைத்திருப்பார்.

"அதெல்லாம் இல்ல அண்ணி," என்றார் அப்பா. "உங்களுக்குத்தான் எடுத்து வச்சோம். ஊருக்குப் போறப்ப குடுக்கலாம்னு."

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள். தோசை கருகியிருந்தது.

என் கவுன் பெரியப்பா மகளுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அந்த லீவு முழுக்க அம்மா வடித்துக் கொட்டினாள், வெந்நீர் வைத்தாள், ஈரத்துணியை அடுப்பு மேல் காய வைத்தாள். எங்கள் லீவு முடிகிற நாளில்தான் அவர்கள் கிளம்பினார்கள்.

"புள்ளைங்களுக்கு இந்தக் குளிரு ஒத்துக்கலடா," என்றார் பெரியப்பா. "எனக்கு இன்னும் லீவு இருக்கு. அப்படியே பினாங்கு போயிட்டுப் போறோம்."

அப்பா சிரித்துக்கொண்டே முறுக்கு டின்னைக் காருக்குள் வைத்தார். நான் அழுதேன். வழியனுப்ப வந்த இடத்தில் அழக் கூடாது என்று முதுகில் ஒன்று வைத்தார். மறுநாள் காலை அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டாள்.

தீபாவளிக்கு அவர்கள் மீண்டும் வந்தபோது பினாங்கில் எடுத்த படங்கள் கொண்டுவந்தார்கள். ஒன்றில் பெரியம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில், மஞ்சள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"தண்ணி சில்லுனு இருந்துச்சாக்கா?"

"சேச்சே. வெதுவெதுன்னு இருந்துச்சு."

"அப்படியா," என்று அம்மா படத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வருடம் அப்பா தானாகவே கேட்டார். "இந்தத் தடவையாச்சும் பினாங்கு போலாமா?"

அம்மா கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எதுக்கு? வெதுவெதுன்னுதான் இருக்குமாம்."

அப்பா அதற்குப் பிறகு கேட்கவில்லை. அம்மாவும் சாகும்வரை கடலைப் பார்க்கவில்லை.