தருமபுரிக்கு மாறிய வழக்கு

யுத்த காலத்தில் சேலம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போய்வந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. வழக்கு என் அண்ணன் போட்டது. எங்கள் அப்பா சாகும் முன் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிணற்றுக்காட்டை எனக்கும், சேலத்தில் இருந்த ஓட்டு வீட்டையும் காட்டை ஒட்டிய மானாவாரிக் கொல்லையையும் அண்ணனுக்கும் என்று வாயால் பிரித்துவிட்டுப் போனார். எழுதி வைக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி பாதியாகப் பிரிக்கச் சொல்லி அண்ணன் பிராது கொடுத்தார். கிணறு போனால் என் பாடு மழையை நம்பித்தான்.

அவருடைய வக்கீல் சேலத்துக்காரர். சொத்தில் அந்த ஓட்டு வீடும் இருந்ததைச் சாக்காக வைத்துத் தன் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியிருந்த கோர்ட்டிலேயே வழக்கைப் போட்டுவிட்டார். அவருக்கு என்ன, வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்து வந்துவிடுவார்.

சேலம் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அண்ணனும் ஊரிலேயே இருந்ததால், நாங்கள் இருவரும் ஒரே கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம். எப்படியோ உருண்டு போய்விடும். திரும்பும்போது ஏற்றத்தின் பாதியில் நின்றுவிடும். "எல்லாரும் எறங்கித் தள்ளுங்க" என்பார் கண்டக்டர். வாதியும் தள்ளுவார், பிரதிவாதியும் தள்ளுவான். அத்தனை பாடுபட்டுப் போனால் கோர்ட்டில் டவாலி எங்கள் பெயரைக் கூப்பிடுவார், உள்ளே போவோம், அடுத்த வாய்தா என்பார்கள், வெளியே வருவோம்.

அலுத்துப்போய், வழக்கைத் தருமபுரி முன்சீப் கோர்ட்டுக்கு மாற்றக் கேட்டு ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டேன். அந்த ஜில்லா கோர்ட்டும் சேலத்தில்தான். ஒரு வாய்தாவுக்கு அலைந்தவன் இரண்டு வாய்தாவுக்கு அலைந்தேன். வாதிக்குப் பெரிய அசௌகரியம் ஏற்படும் என்று அண்ணனின் வக்கீல் மனுவை எதிர்த்துப் பேசினார். எனக்கு வயிறு எரிந்தது. அன்று கணவாயில் பஸ்ஸைத் தள்ளும்போது கேட்டேவிட்டேன்.

"ஏங்கண்ணா, தருமபுரி உங்களுக்குத் தூரங்களா?"

"எனக்கும் அங்கதான்டா சவுகரியம். தள்ளித் தள்ளித் தோளு செத்துப்போச்சு. வக்கீலு எதுத்துத்தான் ஆவணும்ங்கறாரு. நான் என்ன பண்றது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் சீறிக்கொண்டு மேலே போனது. உச்சியில் அது நிற்கும் இடம்வரை நாங்கள் பின்னால் நடந்தோம். அவர் துண்டில் முடிந்து வைத்திருந்த பொரியை எனக்கும் கொடுத்தார்.

"காட்ட நீயே ஓட்டிக்க" என்றார் கொஞ்ச தூரம் போனபின். "என் கொல்லைக்குக் கெணத்துத் தண்ணி மொற வச்சு வுட்டாப் போதும். வூட்டுல பேசிட்டு அடுத்த வாய்தாவுல சொல்றேன்."

"சரிங்கண்ணா" என்றேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாய்தாவுக்குள் உத்தரவு வந்துவிட்டது. வழக்கு தருமபுரிக்கு மாறிற்று. என் வக்கீலின் குமாஸ்தா கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர் மாதிரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தருமபுரி எல்லோருக்கும் சவுகரியம். அதனால் எல்லோரும் வந்தார்கள். அண்ணனின் மாமனார் வீட்டார் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். என் மைத்துனன்மார் விடுவார்களா, அவர்களும் ஒரு வண்டி. கோர்ட்டு வளாகத்துப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். சேலத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஒருநாள் தண்ணீர்ப் பானையடியில் அண்ணன் தனியாக நின்றார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"கெணத்துப் பேச்சு என்னாச்சுங்கண்ணா?"

அவர் வண்டிகள் நின்ற பக்கம் பார்த்தார். "இப்ப வாணாம்டா. மாமனாரு பாக்கறாரு" என்று சொல்லிவிட்டுக் குடித்த தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். சாட்சிக் கூண்டில் ஏறி, அப்பா எதையும் பிரித்துக் கொடுக்கவில்லை என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. காடும் எனது, கிணறும் எனது. என் மைத்துனன்மார் வழியெல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். எனக்குப் படுத்தால் போதும் என்றிருந்தது.

அந்தக் கோடையில் அண்ணனின் கொல்லை காய ஆரம்பித்தது. முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினேன். போனவர் திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"ஊரு முன்னால தோத்துட்டு, அவங்கிட்டத் தண்ணிக்கு நிக்கறதா?"

அதற்கு மேல் நான் ஆள் அனுப்பவில்லை. அவர் அந்தக் கொல்லையை விற்றுவிட்டு மாமனார் ஊருக்கே போய்விட்டார்.