ரோஸ்லின் அக்கா சுரண்டிய பெயர்

செய்தி அலுவலகத் தொலைபேசியில் வந்தது. எங்கள் பிரிவுக்கு இருப்பது ஒரே தொலைபேசி, அதுவும் அதிகாரியின் மேசைமேல். அவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். மறுமுனையில், இங்கே தில்லியில் இருக்கும் நம் தமிழர் சங்கத்தின் செயலாளர் வேதாசலம் சார். "நம்ம ரோஸ்லின் சிஸ்டர் காலைல போயிட்டாங்கம்மா. அவங்க வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிலதான். தூக்கத்துலேயே" என்றார். பிறகு, "இப்பப் போய் சொல்றேன்னு நெனைக்காதீங்க. வண்டியில பக்கவாட்டுல ஒரு இடம் காலியா இருக்குல்ல, அங்க அவங்க பேரை எழுதிடலாம்னு கமிட்டியில எல்லாரும் ஃபீல் பண்றாங்க. எழுத்தை நீங்கதான் போட்டுத் தரணும்" என்றார். சரி என்றுதான் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அந்த வண்டியையும் தெரியும். நம் சங்கம் பழையதாக வாங்கிய டீசல் பிக்கப். பின்னால் தார்ப்பாய்க் கூரை, உள்ளே இருபுறமும் பலகை. ரயில் பாதைக்கு அப்பால் ஜுக்கி எனும் குடிசைகளில் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்களில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக வாங்கியது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை. ஒரு நாள் அக்கா, "சாவியை இங்க குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். நர்ஸ் வேலையில் வார்டுக்கே தலைவி, வெள்ளைப் புடவைமேல் பழுப்பு நிற ஸ்வெட்டர், கையில் அந்தப் பெரிய ஸ்டியரிங். கரோல் பாக் முனையில் ஒரு போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, "டிரைவர் கஹான் ஹை?" என்று டிரைவரைத் தேடினார். அக்கா தன்னையே விரலால் காட்டினார். காவலர் குனிந்து, இருக்கைக்கு அந்தப் பக்கமும் பார்த்தார். "நல்லாப் பாருங்கய்யா, சீட்டுக்கு அடியில இருந்தாலும் இருப்பாரு" என்று அக்கா தமிழில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமைகளில் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு போவது என் வழக்கம்.

அந்த வண்டிக்கு ஒரு நோய் இருந்தது. குளிர்காலத்தில் நின்றுவிடும். டீசல் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெயை இழுத்துக் கொடுக்கும் பம்ப் தேய்ந்து போயிருந்தது. நடுவில் இருக்கும் ஃபில்டரும் சிறியது. தில்லிக் குளிரில் டீசல் கெட்டிப்படும். தண்ணீரும் தூசியும் கலந்த டீசலாக இருந்துவிட்டால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பம்புக்கு இழுக்கத் தெம்பிருக்காது. எண்ணெய்க்குப் பதில் குழாயில் காற்று ஏறும். அப்போது இறங்கி, ஒரு திருகைத் தளர்த்தி, கையால் அடித்து அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். "டிரிப் குழாயில காத்து போனா நோயாளிக்கு ஆகாது, இந்தக் குழாயில காத்து போனா வண்டிக்கு ஆகாது. எனக்கு ரெண்டு எடத்துலயும் ஒரே வேலைதான் பிள்ள" என்பார். புதிதாக, வலுவான பம்ப் ஒன்றும், அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த இரட்டை ஃபில்டரும் போட்டுவிட்டால் தொல்லை தீரும் என்று மெக்கானிக் குர்மீத் சிங் சொல்லியிருந்தார்.

பல வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் கூட்டத்தில் அக்கா இதைக் கேட்டார். வேதாசலம் சார் வீட்டு மாடியில் நடந்த கூட்டம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள், நினைவிருக்கும். பொங்கல் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டிக்கு வண்ணம் அடித்து, கொடுத்தவர்கள் பெயர்களைப் பக்கவாட்டில் எழுதி, விழா மேடை அருகே நிறுத்துவதாக ஏற்பாடு. கையில் இருந்த பணம் வண்ணம், பம்ப் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும்.

"பம்பு எங்கம்மா இருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"பானெட்டுக்குள்ள."

"அதுல உபயம்னு எழுதினா யாரு குனிஞ்சு பார்ப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். பணம் கொடுத்தவர்களில் ஒருவரான என் அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். நம் ஆட்களிடம் இது உண்டு. கோயிலுக்கு மின்விசிறி கொடுத்தால் இறக்கையில் பெயர் எழுதாமல் விடமாட்டோம்.

அக்கா சிரிக்கவில்லை. "பம்புன்னா இருதயம். ஃபில்டர்னா கிட்னி. ரெண்டும் போச்சுங்கேன், நீங்க முகத்துக்குப் பவுடர் போடலாம்ங்கிறீங்க" என்றார்.

வேதாசலம் சார் கெட்டவர் இல்லை. மெதுவாக, "சிஸ்டர், நீங்க குடுத்ததுக்கு லிஸ்ட்ல உங்கம்மா பேரும் இருக்கு. முதல் வரிசையில போட்டிருக்கோம்" என்றார்.

அக்காவின் அம்மா ஞானப்பூ, தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் உப்புச் சுமந்து மகளை நர்சிங் படிக்க வைத்தவர். அந்த அம்மாவின் பெயர் எங்கும் எழுதி நிற்கவில்லை. கல்லறையில் நட்ட மரச்சிலுவையில் இருந்ததும் மழையில் போய்விட்டது. இதை அக்கா முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் முகத்தில் அப்போது வந்துபோன ஆசையை நான் பார்த்தேன். வார்டில் டாக்டர்களையே அதட்டுகிறவர், சின்னப் பெண்போலக் கீழே பார்த்துக்கொண்டு, "சரி, எழுதிக்கிடுங்க. இந்த ஒரு குளிரை எப்படியாவது ஓட்டிருவோம்" என்றார்.

பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. நான் சாக்பீஸால் வண்டியின்மேல் எழுதிக் கொடுத்தேன், அவர் படம் வரைவதுபோல அதன்மேல் வண்ணம் தீட்டினார். "மேடம்ஜி, யே தோ சப் ஜலேபி ஹை" என்று, எல்லாம் ஜிலேபியாகத் தெரிவதாகச் சலித்துக்கொண்டார். ஞானப்பூவின் 'ஞா'வை மட்டும் ரசித்துச் செய்தார். வேலை முடிந்து வந்த அக்கா வண்டியைச் சுற்றிவந்து முதல் வரிசைக்கு முன்னால் நின்றார். "எங்கம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இம்மாம் பெரிய எழுத்தைப் பார்த்துப் பயந்திருப்பா" என்றார். எனக்கு என் எழுத்து அழகாக இருப்பதாகத் தோன்றியது. அந்த நேரத்தில் எனக்கு இருந்த நினைப்பு அவ்வளவுதான்.

பொங்கல் விழாவில் வண்டி நன்றாக நின்றது. அதைச் சுற்றிப் புகைப்படங்கள் எடுத்துக்கொண்டோம்.

விழா முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமைக் காலை. நல்ல பனிமூட்டம். ஜுக்கியில் செல்விக்கு வலி எடுத்திருந்தது. முதல் பிள்ளை. கணவன் முருகேசன் விழுப்புரம் பக்கத்துக்காரன், இங்கே கட்டட வேலை; அவனும் கூட ஏறிக்கொண்டான். அவளைப் பலகையில் படுக்க வைத்து, நான் தலையைப் பிடித்துக்கொள்ள, அக்கா வண்டியை எடுத்தார். ரிங் ரோடில் ஏறிய சிறிது தூரத்தில் எஞ்சின் இருமியது, நின்றது. அக்கா இறங்கி பானெட்டைத் திறந்தார். திருகைத் தளர்த்தி அடித்தார். வண்டி கிளம்பிக் கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி இறங்கினார். விரல்கள் மரத்துப்போய்த் திருகு பிடிபடவில்லை. வாயால் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு திருகினார். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. உள்ளே செல்வி என் கையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முருகேசன் செய்வதறியாமல் வண்டிப் பக்கத்தில் நின்றான். அவனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தான். அப்பாவின் பெயரையும் படித்தான்.

"யாருங்கக்கா இவங்கல்லாம்?"

"வண்டி குடுத்தவங்க" என்று பானெட்டுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

"நல்லா இருக்கட்டும்" என்று அவன் அந்த எழுத்துகளைப் பார்த்துக் கும்பிட்டான்.

அக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு, தார்ப்பாயை விலக்கி எட்டிப் பார்த்த என்னைப் பார்த்தார். "ஓடுத வண்டியில பேரை வாசிக்க முடியாது பிள்ள. நின்னாத்தான் வாசிக்கலாம். நாம அதுக்குத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கோம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. 'நாம' என்றுதான் சொன்னார்.

பால் வண்டி ஒன்று நின்று எங்களை ஏற்றிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் செல்வி பிழைத்தாள். குழந்தை அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, முன்பே வந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். கமிட்டியில் நாம் இந்த வாக்கியத்தை எத்தனை முறை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம் என்பது உங்களுக்கே தெரியும். அக்காவிடம் நான் அதைச் சொன்னபோது, "அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எத்தனை பிரசவம் பார்த்திருக்கேன், எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

அதற்குப் பிறகு பம்புக்கும் ஃபில்டருக்கும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. குர்மீத் சிங் பழைய பம்பைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். இரட்டை ஃபில்டருக்காக ஒரு இரும்புத் தகட்டை வளைத்துத் தாங்கி செய்தார். காற்றை வெளியேற்றிச் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் டீசல் தேன் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சர்தார்ஜி, ஒரு பிளேடு குடுங்க" என்று பெயின்ட் சுரண்டும் பட்டைக் கத்தியை வாங்கினார்.

வண்டியின் பக்கவாட்டுக்குப் போய்த் தன் அம்மாவின் பெயரைச் சுரண்டத் தொடங்கினார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அக்கா, அம்மா பேரை ஏன்?"

"அம்மா கேக்கலயே. ஆசைப்பட்டது நான்லா."

"அப்போ எல்லாப் பேரையும் எடுத்துடலாம்."

"அடுத்தவங்க பேரைத் தொட நான் யாரு? அவங்க அவங்க பார்த்துக்கிடட்டும்."

ஞானப்பூவுக்குக் கீழே இருந்தது அப்பாவின் பெயர். அதன் ஒரு எழுத்திலும் கீறல் விழாதபடி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஓரம் ஓரமாக அவர் சுரண்டினார். தையல் பிரிப்பதுபோல அத்தனை கவனம். முடித்தபோது அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு நீளமான திட்டு.

அவங்க அவங்க பார்த்துக்கிடட்டும் என்றார். நாம் பார்த்துக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தத் திட்டைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பின்னால் நின்று மெல்லப் பேசிக்கொண்டோம்: சிஸ்டரும்தானே சம்மதிச்சாங்க, அவங்கம்மா பேருக்காகத்தானே. அது அவர் காதில் விழுந்தது. திரும்பி, "ஆமா, நானுந்தான்" என்றார். அதோடு நமக்கு லேசாகிவிட்டது. ஒருவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுபோல நடந்துகொண்டோம். செல்வியின் ஜுக்கிக்கு அக்கா அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தார். கமிட்டியிலிருந்து வேறு யாரும் போனதாக எனக்குத் தெரியவில்லை. நானும் அக்கா கூப்பிட்டால் மட்டுமே போனேன், வாசலிலேயே நின்றுகொண்டேன்.

வண்டி அதற்குப் பிறகு வழியில் நின்றதில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும் முன்னும் அக்கா கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து, தேங்கிய தண்ணீரை வடிப்பார். எத்தனையோ பேர் அதில் போய்ப் பிழைத்து வந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் அதைச் சொன்னீர்கள். சொல்லவேண்டியதுதான். சாம்பல் திட்டின் கதையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இடத்தில் ரோஸ்லின் அக்காவின் பெயரை எழுதிக் கொடுக்க என்னால் முடியாது என்று வேதாசலம் சாரிடம் சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம். "மரியாதைக்குத்தானேம்மா செய்றோம்" என்றார். மரியாதைதான், தெரியும். ஆனால் அந்தத் திட்டு ஒன்றுதான் அந்த வண்டியில் நம்மைப் பற்றி உண்மை பேசும் இடம். அதை அவர் பெயரைக் கொண்டே மூட வேண்டாம்.

அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, வண்டியில நம்ம பேரை எடுத்துடலாமா?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "எடுத்தா மத்தவங்களைக் குத்திக் காட்டுற மாதிரி ஆயிடும்."

"ஆகட்டுமே."

மடித்த தாளை மறுபடி விரித்தபடி, "அன்னிக்கு மாடியில நானும்தான் சிரிச்சேன்" என்றார். "உனக்குத் தோணினதைச் செய். என்னைக் கூட வரச் சொல்லாதே."

ஞாயிற்றுக்கிழமை ஒரு பட்டைக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை நிறுத்தும் இடத்துக்குப் போனேன். வண்டி அங்கே இல்லை. புதிய டிரைவர் யாரோ ஒருவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு உடனே வந்தது நிம்மதி. இன்று செய்ய வேண்டாம் என்ற நிம்மதி. அது வந்த வேகத்தைப் பார்த்து அங்கேயே கூசி நின்றேன்.

அக்காவின் தைரியம் எனக்கு வரவில்லை. அவருடைய கைத்திறனும் சிரிப்பும் வரவில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது இந்தக் கூச்சம்தான். எனக்குரிய பங்கையும் சேர்த்து இத்தனை வருடம் அவர் சுமந்தார். இப்போது என் பங்கு என்னிடம் இருக்கிறது. கடைக்காரர் உட்காரச் சொல்லி ஒரு ஸ்டூலைப் போட்டார். வண்டி வரட்டும் என்று உட்கார்ந்தேன்.