அறுபத்தெட்டு கிலோ எடைக்கல்

பிப்ரவரி 6: தராசு திருத்தக் கூலி, 300
மார்ச் 12: தராசு திருத்தக் கூலி, 300
ஏப்ரல் 23: தராசு திருத்தக் கூலி, 300
மே 14: எடைக் குறைவுக்கு ஈடு, 8,450

கிடங்குக் கணக்கில் நான் எழுதிய இந்த நான்கு செலவும் என் தங்கை கணவரால் வந்தவை. மாவை ஐம்பது கிலோ மூட்டைகளாக நிறுத்துக் கட்டுவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் தராசண்ணன்.

காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அவரே தட்டில் ஏறி நிற்பார். பதினோரு வருடமாக முள் அறுபத்தெட்டில் நின்றது. முள் நகர்ந்தால் தராசில் கோளாறு. மெக்கானிக் வந்து, அவரையே நிற்க வைத்துத் திருகைச் சரிசெய்வான். அரசு முத்திரை குத்திய எடைக்கற்களைச் சுமந்து வரும் பாடு அவனுக்கு மிச்சம்.

"அரசாங்க முத்திரை என் முதுகுலதான் குத்தல, மச்சான்" என்பார்.

பிப்ரவரியில் முள் அறுபத்தாறைக் காட்டியது. திருகினார்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் மறுபடி. அந்த மாதங்களில் சாப்பிட்டதும் மேல்வயிற்றில் வலி கிளம்பி முதுகுக்குப் பாய்ந்தது. படுத்தால் அதிகமாகும், குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகுவலி வராமலா என்று தைலம் தேய்த்துக்கொண்டார். பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்துவிடுவார். தெருமுனை டாக்டர் புதிதாகச் சர்க்கரை வந்திருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார். அவர் குடும்பத்தில் யாருக்கும் அது இருந்ததில்லை.

"பேன்ட் இடுப்புல நிக்க மாட்டேங்குது. பாதியா எளைச்சிட்டீங்க" என்றாள் தங்கை.

"இன்னிக்கும் அறுபத்தெட்டு. உன் கண்ண நம்பவா, முள்ள நம்பவா?"

மே மாதம், மூட்டைக்கு ஐந்து கிலோ குறைகிறது என்று கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். மெக்கானிக் அப்போதுதான் முத்திரை போட்ட இரும்புக் கற்களைக் கொண்டுவந்தான். ஐம்பது கிலோ இரும்புக்கு முள் ஐம்பத்தைந்தே முக்கால் காட்டியது. திருத்திவிட்டு அவரை ஏறச் சொன்னான். அறுபத்தொன்று.

"அண்ணே, கோளாறு தராசுல இல்ல" என்றான் மெதுவாக.

"எல்லாம் உங்க தங்கச்சி சமையல், மச்சான். நீங்கதான் கேக்கணும்" என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜூன் முதல் வாரம் கண் மஞ்சளித்தது. சிறுநீர் கடுந்தேநீர் நிறமானது; மலம் வெளிறி மிதந்தது; உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி தெரிந்தது. புற்றுநோய்.

எப்போதிலிருந்து இளைத்தார் என்று பெரிய டாக்டர் கேட்டார். மேலே உள்ள தேதிகளைச் சொன்னேன்.

"காரணமில்லாம எளைக்கிறது, இந்த வயசுல திடீர்னு சர்க்கரை, முதுகுக்குப் போற வயித்துவலி. தனித்தனியா பாத்தா ஒண்ணுமே இல்ல. சேந்து வந்தா உடனே பாத்துடணும்ங்க. மஞ்சள் வர்ற வரைக்கும் விடக்கூடாது."

கட்டி பக்கத்து ரத்தக்குழாயைத் தொட்டிருந்தது. வெட்டி எடுக்க முடிந்தால்தான் பிழைக்க வழி. முடியுமா என்று பெரிய மருத்துவமனையின் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். படங்களை அனுப்பினோம்.

பித்தக்குழாயில் ஒரு குழல் வைத்ததும் மஞ்சள் இறங்கியது. "கண்ணு வெள்ளையாயிடுச்சு பாருங்க" என்று தங்கை வருகிறவர்களிடமெல்லாம் காட்டினாள். கிடங்கில் இப்போது இரும்புக் கற்களை வைத்துத்தான் தராசைச் சோதிக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"நல்லதுதான். இரும்புக்கு எளைக்கத் தெரியாது."

கட்டி ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது, அறுவை சிகிச்சைக்கு இடமில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளவும் என்று குழு எழுதியிருந்தது. தங்கை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். கடிதம் வந்த தேதி ஜூலை 9.