பெயர் எழுதினால் மணி சொன்ன சாஃப்ட்வேர்

"அண்ணே, நான் பேருதான எழுதுனேன். இது எதுக்கு எனக்கு மணி சொல்லுது?"

திண்டுக்கல்லில், பேகம்பூர் போகிற சாலையில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஆறு பேர். இப்படிக் கேட்டவர் எங்கள் சாஃப்ட்வேர்களைச் சோதித்துப் பார்க்கும் பெண். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. திரையை எட்டிப் பார்த்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த சாஃப்ட்வேரை எழுதியவன் நான். ஒரு நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைப் பதிப்பு பதிப்பாகச் சேர்த்து வைப்பது அதன் வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டிருந்தேன். சில கல்லூரிகள்கூடப் பயன்படுத்தின. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. புதுப் பதிப்புக்குப் பெயர் கேட்கும் கட்டத்தில் அவர் 'பில்' என்று எழுதி, ஓர் அரைப்புள்ளி வைத்து, 'டேட்' என்று எழுதியிருக்கிறார். பில்லையும் தேதியையும் திருத்தியதற்கு அடையாளம் அது. என் சாஃப்ட்வேரோ அரைப்புள்ளிக்குப் பின்னால் வந்ததைக் கணினிக்கு இட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு, அன்றைய தேதியையும் நேரத்தையும் காட்டிவிட்டது.

"மணிதான சொல்லுச்சு, விடும்மா."

"நான் டேட்டுன்னு எழுதுனேன், மணி சொல்லுச்சு. வேற ஒருத்தன் அழிச்சிருன்னு எழுதுனா?"

பழைய கணினி ஒன்றில் ஒரு நகலை ஏற்றி, அதே கட்டத்தில் அழிக்கும் கட்டளையை நானே அடித்துப் பார்த்தேன். கோப்புகள் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி ஆனது.

என்ன எழுதினாலும் அது வெறும் பெயராகவே போகும்படி மாற்றப் பத்து வரிதான் தேவைப்பட்டது. பயன்படுத்துகிற எல்லாருக்கும் தப்பு என்னுடையது என்று எழுதுவதுதான் பெரும்பாடு. நான் சுற்றி வளைத்து எழுதியிருந்த முதல் வரியைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: "கதவு தெறந்து கெடக்குன்னு சொல்லுங்கண்ணே. காத்து வருதுன்னு சொல்லாதீங்க."

அப்படியே எழுதினேன். யாரும் திட்டவில்லை. முன்பின் தெரியாத பலர் நன்றி சொல்லி எழுதினார்கள். கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரையும், அவர் கேட்டபடி செம்பட்டி என்று ஊரையும் அறிவிப்பில் போட்டிருந்தேன். அன்று அலுவலகத்துக்கே அவர் பிரியாணி வாங்கிக்கொடுத்தார்.

இப்போது அவர் பெங்களூரில் ஒரு பெரிய குழுவை நடத்துகிறார். நான் அதே மாடியில்தான் இருக்கிறேன். போன மாதம், தானே எழுதிய ஒரு சாஃப்ட்வேரை அனுப்பி, "எங்க ஓட்டைன்னு ஒடைச்சுக் காட்டுங்கண்ணே" என்றார். இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள் காலை உடைந்தது. போன் போட்டுச் சொன்னேன்.

"இருங்கண்ணே, பேனா எடுத்துக்கிறேன்" என்றார்.